வரைந்த பிறகு தொடங்கும் வேலை

ரூபாய்க்கான ₹ குறியை வரைந்தவர் கள்ளக்குறிச்சிக்காரர். ஊரில் பலருக்கும் தெரிந்த செய்தி. வெளியே பலருக்கு 2025 மார்ச்சில்தான் தெரிய வந்தது. தமிழ்நாடு அரசு தன் பட்ஜெட் இலச்சினையில் அந்தக் குறியை எடுத்துவிட்டு ‘ரூ’ என்று போட்டது. குறியை வரைந்த உதயகுமாரின் தந்தை தர்மலிங்கம், 1971இல் ரிஷிவந்தியத்தில் தி.மு.க. சார்பில் வென்ற சட்டமன்ற உறுப்பினர் என்பதைத் தேடிப்பிடித்துச் செய்தியாக்கினார்கள். சில நாள் அமர்க்களம். அந்தக் குறி எப்படி உருவானது, வரைந்து முடித்த பிறகு அதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைப் பற்றி மட்டும் அதிகம் பேச்சில்லை. டிசைன் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கும், “படம் வரையற படிப்புக்கா இவ்வளவு செலவு?” என்று கேட்கும் வீட்டுக்கும் தெரிய வேண்டியது அதுதான்.

உதயகுமார் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தார். பிறகு ஐஐடி பம்பாயின் ஐடிசி என்ற வடிவமைப்புப் பள்ளியில் முதுகலை. அதன்பின் அங்கேயே முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வுப் பொருள் தமிழ் எழுத்துருவியல். ‘பராசக்தி’ என்று ஒரு தமிழ் எழுத்துருவும் வடிவமைத்திருக்கிறார். மத்திய நிதியமைச்சகம் 2009 மார்ச்சில் ரூபாய்க்கு ஒரு குறி கேட்டுப் போட்டி அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்த வடிவங்களில் ஐந்து கடைசிச் சுற்றுக்குத் தேறின. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை அவருடைய வடிவத்தை ஏற்றது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். அப்போது அவர் ஆய்வை முடித்து ஐஐடி குவஹாத்தியில் ஆசிரியராகச் சேரவிருந்த மாணவர்.

தேவநாகரியின் ‘ர’ எழுத்தையும் ரோமன் ‘ஆர்’ எழுத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் குறி புரிந்துவிடும். ரோமன் எழுத்தின் நிமிர்ந்த தண்டை எடுத்துவிட்டார். தேவநாகரியில் வரும் தலைக்கோட்டை விட்டுவைத்து, அதன் கீழே இணையாக இன்னொரு கோடு போட்டார். உலகில் பல நாணயக் குறிகளிலும் இப்படி இணைகோடுகள் உண்டு. யூரோவிலும் யென்னிலும் பார்க்கலாம். பணம் என்று பார்த்த உடனே தெரிய வேண்டும், எந்த நாட்டுப் பணம் என்றும் தெரிய வேண்டும். இரண்டு தேவையையும் ஒரே கோட்டில் முடித்தது அந்தத் தலைக்கோடு. பிராண்டிங் என்பது அடிப்படையில் இதுதான். அழகான ஒரு படம் போடுவதல்ல. பார்த்தவர் இன்னொன்றோடு குழப்பிக்கொள்ளாமல், மறுமுறை பார்க்கும்போது அடையாளம் கண்டுகொள்ளச் செய்வது.

(தமிழுக்கென்று ஒரு ரூபாய்க் குறி பல காலமாகவே உண்டு: ௹. பழைய பத்திரங்களிலும் கணக்கு நோட்டுகளிலும் கிடக்கும்.)

அமைச்சரவை ஒப்புக்கொண்ட அன்று மாலை இந்தியாவில் ஒரு கணினியில்கூட அந்தக் குறியைத் தட்டச்சு செய்ய முடியாது. படமாக ஒட்டலாம், அவ்வளவுதான். ‘டெக்னாலஜி’ என்று டிசைன் பாடத்திட்டத்தில் எழுதப்படும் பகுதி இங்கிருந்து தொடங்குகிறது. சில நாட்களிலேயே மங்களூரைச் சேர்ந்த ஃபோரேடியன் என்ற நிறுவனம் ஓர் எழுத்துருவை இலவசமாக வெளியிட்டது. விசைப்பலகையில் இடது மேல்மூலையில், எண் ஒன்றுக்குப் பக்கத்தில், அதிகம் பயன்படாத சாய்கீற்றுக் குறி (`) ஒன்று இருக்கும். அந்த இடத்தில் ரூபாய்க் குறியை உட்கார வைத்தார்கள். சாமர்த்தியமான வேலைதான். ஆனால் அதே எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பை அனுப்பினால், ரூபாய் இருந்த இடமெல்லாம் சாய்கீற்றாகத் தெரியும். கணினிக்கு உருவம் தெரியாது, எண்தான் தெரியும். எண் பழையதாகவே இருந்தது. தமிழ் வாசகருக்கு இந்தத் தொல்லை புதிதில்லை. ஒருங்குறி வருவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் கடிதம் எழுதி, எதிர்முனையில் அது புழுவும் பூச்சியுமாகத் தெரிந்த காலத்தை நாம் பார்த்திருக்கிறோம்.

தீர்வு, உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரு தனி எண். அதை ஒதுக்குவது யூனிகோடு கூட்டமைப்பு. 2010 அக்டோபரில் வெளியான யூனிகோடு 6.0 பதிப்பில் ₹ குறிக்கு 8377 என்ற எண் கிடைத்தது. (தமிழ் ௹ குறிக்கு 3065 என்ற எண் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கிடைத்துவிட்டது.) பிறகு உபுண்டு, விண்டோஸ் என்று இயங்குதளங்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டன. 2011இல் புதிய நாணயங்களிலும் 2012இல் ரூபாய் நோட்டுகளிலும் குறி ஏறியது. இருந்தும் ஒரு மூலையில் அது இன்றும் நுழையத் தயங்குகிறது. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் பாருங்கள்: பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழைய ‘ஆர்.எஸ்.’ சுருக்கம்தான் இருக்கும். குறுஞ்செய்திக்கான பழைய எழுத்துப் பட்டியலில் ₹ இல்லை. அந்த ஒரு குறியைச் சேர்த்தால் முழுச் செய்தியும் வேறு குறியாக்கத்துக்கு மாறி, 160 எழுத்து பிடிக்கும் செய்தி 70 எழுத்தாகச் சுருங்கிவிடும். ஒரு செய்தி இரண்டாகும், செலவும் கூடும். வடிவம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், 1980களில் தொலைபேசிப் பொறியாளர்கள் போட்ட ஒரு பட்டியல் அதை வாசலில் நிறுத்திவிடுகிறது. டிசைன் மாணவர் இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும் என்று கேட்டால் இந்த ஓர் உதாரணம் போதும்.

பிராண்டிங், டெக்னாலஜி இரண்டையும் பார்த்தோம். மூன்றாவது, டிஜிட்டல் ஃபேப்ரிகேஷன். கணினியில் வரைந்ததை இயந்திரம் நேரடியாகப் பொருளாக்குவது. லேசர் கட்டர், சிஎன்சி ரூட்டர், முப்பரிமாண அச்சு இயந்திரம் என்ற மூன்றும் இதில் முக்கியம். முதலிரண்டுக்கும் அடிப்படை வெக்டர் கோப்பு. புள்ளிக்கோலம் போலத்தான் அது: புள்ளிகள் எங்கே என்றும், கோடு எப்படி வளைந்து போகும் என்றும் மட்டும் சொல்லும். அதனால் அதை விரல் நகத்தின் அளவுக்கும் சுருக்கலாம், பேருந்து நிலைய முகப்பு அளவுக்கும் விரிக்கலாம்; ஓரம் சிதையாது. எழுத்துருவில் இருக்கும் ₹ கூட இப்படிப்பட்ட புள்ளிகளும் வளைகோடுகளும்தான். வரைபவர் மென்பொருளில் திறப்பதும், விளம்பரப் பலகைக் கடைக்காரர் ஸ்டிக்கர் வெட்டுவதும், லேசர் மரத்தைத் துளைப்பதும் ஒரே கோப்பிலிருந்து நடக்கலாம்.

ஒரே கோப்பு என்பதால் எல்லாம் ஒரே மாதிரி வந்துவிடாது. கள்ளக்குறிச்சி என்ற ஊர்ப்பெயரையே எடுத்து மெல்லிய பலகையில் லேசரால் வெட்டிப் பார்ப்போம். பலகையில் எழுத்துகளைத் துளையாக வெட்டினால் க, ள போன்றவற்றின் மூடிய வளையத்துக்குள் இருக்கும் மரத்துண்டு பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். வளையத்தை வெளிப்பலகையோடு இணைக்கும் சிறு பாலங்களை விட்டுத்தான் வெட்ட வேண்டும். எங்கே பாலம் விட்டால் எழுத்தின் முகம் கெடாது என்பதைக் கையால் வரைந்து பழகியவர்தான் சொல்ல முடியும். தலைகீழாக, எழுத்துகளைத் தனித்தனித் துண்டாக வெட்டிக் கடை முகப்பில் ஒட்டப் போனால் வேறொரு தொல்லை. இந்தப் பெயரில் மூன்று மெய்யெழுத்துகள், மூன்று புள்ளிகள். புள்ளி மூன்றும் தனித்தனிச் சில்லாக வரும். ஒன்று தொலைந்தாலும் ஊர்ப்பெயர் மாறிப்போகும். ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதற்காகப் புள்ளியையே விட்டுவிட்டார்கள் என்று படித்திருப்போம். கருவி எழுத்தை மாற்றும் கதை இன்னும் முடியவில்லை.

லேசர் வெட்டுக்கென்று ஓர் அகலமும் உண்டு. ஒளிக்கற்றை போகும் வழியில் மரம் எரிந்து மறைவதால் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவுக்குப் பொருள் குறையும். ஒன்றோடொன்று செருகும் பெட்டியைச் செய்யும்போது இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் மூடி ஆடும். இன்னொன்று, பாதுகாப்பு விஷயம்: பிவிசி ஷீட்டை மட்டும் லேசரில் வைக்கக் கூடாது. எரியும்போது வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும்.

இப்போது மரச்சிற்பத்துக்கு வருவோம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பக்கத்து மரச்சிற்பக் கலைஞர்களின் வேலைக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்புகார் என்று நாம் அறிந்த தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் விண்ணப்பித்து வாங்கியது. தெய்வ உருவங்கள், வாகனங்கள், பூசை மண்டபங்கள், கதவு வேலைகள் என்று விரியும் தொழில். கருவி உளியும் கொட்டாப்புளியும். இதே ஊர்களில், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, ‘சிஎன்சி கட்டிங்’ பலகை தொங்கும் கடைகளும் உண்டு. கதவில் கஜலட்சுமி வேண்டும் என்றால் அங்கே கொடுத்து வாங்கிப் போகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் டிசைன் மாணவர் என்ன செய்ய முடியும்?

முதலில் இயந்திரத்தால் முடியாதது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கடைகளில் இருக்கும் சாதாரண சிஎன்சி ரூட்டர் மூன்று அச்சில் நகரும். அதாவது, சுழலும் வெட்டுமுனை பக்கவாட்டில் நகர்ந்தாலும் மரத்தை மேலிருந்து மட்டுமே வெட்டும். பிள்ளையாரின் துதிக்கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குள் அது நுழையாது. துதிக்கையைக் குடையாமல் வயிற்றோடு ஒட்டியே விட்டுவிடும். வெட்டுமுனை உருண்டையானது, 6 மில்லிமீட்டர் முனை போனால் உள்மூலை 3 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கும். கூர்மையான மூலை வேண்டுமென்றால் உளிதான். மரத்தின் நார் திரும்பும் இடத்தில் சிற்பி உளியின் போக்கைத் திருப்பிக்கொள்வார். இயந்திரத்துக்கு நார் தெரியாது, சொன்ன வழியிலேயே போய்ச் சிராய்ப்பை உண்டாக்கும். ஐந்து அச்சு இயந்திரங்கள் இவற்றில் சிலவற்றைத் தாண்டும், விலையும் எங்கோ தாண்டும். ஆக, பெரிய கட்டையில் வேண்டாத மரத்தைக் கழிக்கும் பாரமான வேலையை ரூட்டருக்கும், முகம், விரல், ஆபரணம் ஆகியவற்றைக் கைக்கும் விடுவதுதான் பொருத்தமான பிரிவினை. சிற்பியின் தோள்வலியைக் குறைக்கும் இயந்திரம் வேறு, அவர் பிழைப்பைக் குறைக்கும் இயந்திரம் வேறு. வாங்கும் இயந்திரம் ஒன்றாகவே இருக்கலாம். அதை எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதில் வித்தியாசம் வருகிறது.

கணினிக்கும் சிற்பிக்கும் பொதுவான ஒரு மொழியும் உண்டு என்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம். சிற்ப நூல்கள் அளவை அங்குலக் கணக்கில் சொல்லும். அந்த அங்குலம் கடையில் வாங்கும் டேப்பில் உள்ள இஞ்ச் அல்ல. உத்தம தசதாளம் என்ற அளவுமுறையில் செய்யும் உருவம் என்றால் மொத்த உயரத்தை 124 பங்காக்கி, ஒரு பங்கை அங்குலம் என்று வைத்துக்கொண்டு முகம், கழுத்து, மார்பு, கால் எல்லாவற்றையும் அதன் மடங்கில் அளப்பார்கள். நவதாளம் என்றால் 108 பங்கு. சுவாமிமலையில் உலோகச் சிற்பம் செய்யும் ஸ்தபதிகள் தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்தே இந்தப் பங்குகளைக் குறிப்பார்கள். உயரத்தை மாற்றினால் எல்லா உறுப்பும் அதே விகிதத்தில் தானாக மாறும். இன்றைய மென்பொருள்களில் ‘பாராமெட்ரிக்’ என்று சொல்லிக்கொடுப்பது இதே யோசனை: அளவுகளைத் தனித்தனியாக எழுதாமல் ஒன்றுக்கு மற்றொன்று எத்தனை மடங்கு என்று எழுதி வைப்பது. ஒரு மாணவர் தாளக் கணக்கை அப்படியே மென்பொருளில் ஏற்றினால், வாடிக்கையாளர் கேட்கும் உயரத்துக்கு வரைபடம் உடனே வரும். சிற்பி அதைப் பார்த்துக் கட்டையைத் தேர்ந்தெடுக்கலாம், வீணாகும் மரம் குறையும். சிஎன்சி கதவை விட இது உருப்படியான புராஜெக்ட் என்பேன். ஆனால் வகுப்பில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபடி இதைச் செய்ய முடியாது. பட்டறையில் போய் உட்கார வேண்டும்.

புவிசார் குறியீடு என்ன காக்கிறது என்பதில் பலருக்குக் குழப்பம். அது செய்முறையைப் பூட்டி வைப்பதில்லை. பெயரைக் காக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டம், 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவகம் சென்னை கிண்டியில். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். கவனிக்க வேண்டியது அடுத்த படி: குறியீடு கிடைத்துவிட்டதால் ஊரில் உள்ள எல்லாச் சிற்பியும் தானாக உரிமையுள்ள பயனாளர் ஆகிவிடுவதில்லை. ஒவ்வொருவரும் தனியாக விண்ணப்பித்து அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். கைவினை என்று பதிந்த பொருளை முழுக்க ரூட்டரில் வெட்டி அதே பெயரில் விற்றால், வாங்கியவரை ஏமாற்றுவதாகத்தான் ஆகும். எனவே இங்கே பிராண்டிங் செய்யும் மாணவரின் முதல் வேலை அழகான இலச்சினை அல்ல. எந்தப் பகுதி கையால், எந்தப் பகுதி இயந்திரத்தால் என்று பொருளிலேயே சொல்லும் வழியைக் கண்டுபிடிப்பது. பீடத்தின் அடியில் சிற்பி பெயரும் மரத்தின் பெயரும் பொறித்து, க்யூஆர் குறியில் வேலை நடந்த படங்களை இணைக்கலாம். க்யூஆரில் அதிகபட்சத் திருத்தத் திறனைத் தேர்ந்தெடுத்தால் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் படிக்கும். ஆனால் மரத்தில் லேசர் கீறும்போது கறுப்புக்கும் மரநிறத்துக்கும் வேறுபாடு போதாவிட்டால் எந்தக் கைபேசியும் படிக்காது. சுற்றிலும் வெற்றிடம் விடுவதும் அவசியம். எண்ணெய் பூசிக் கறுத்த சாமி சிலையில் இது வேலைக்காகாது. தனியாக ஒரு வெளிர்மரத் தகடு வேண்டும்.

ஊர்ப்பெயரே முத்திரையாக இருப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு வெளியூரில் கள்ளக்குறிச்சி என்றால் பலருக்கு முதலில் நினைவு வருவது அதுதான். பெயரை மறைத்து ‘தென்னிந்தியக் கைவினை’ என்று பொதுவாக எழுதிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். சட்டம் காப்பது அந்தப் பெயரைத்தான். அதை மறைத்தால் குறியீடு இருந்தும் பயனில்லை. தவிர, உளி பிடிப்பவர் எதற்காகப் பெயரை ஒளிக்க வேண்டும்?

இதே மாவட்டத்தின் கல்வராயன் மலைப் பொருள்களுக்கு வேலை வேறு மாதிரி. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட மலை வட்டத்தில் மலையாளிப் பழங்குடியினர் தேன், புளி, கடுக்காய், சாமை போன்றவற்றைச் சேகரிக்கவும் விளைவிக்கவும் செய்கிறார்கள். இங்கே அழகுக்கு முன் சட்டம் நிற்கிறது. தேன் பாட்டிலின் லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, சைவப் பொருள் என்று காட்டும் பச்சை வட்டம் எல்லாம் இடம்பெற வேண்டும். இவற்றுக்கு இடம் ஒதுக்கிவிட்டு மிஞ்சியதில்தான் மலையின் படம். போட்டிக்கு லேபிள் வரையும் மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். முன்மாதிரி வேண்டுமென்றால் கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை வளர்த்த ‘லாஸ்ட் ஃபாரஸ்ட்’ பெயரைப் பார்க்கலாம். நீலகிரித் தேனை நகரக் கடைகளுக்குக் கொண்டுபோனது. முப்பரிமாண அச்சுக்கு இங்கே ஒரு சின்ன இடம்தான்: பாட்டில் மூடியின் மாதிரியை அச்சிட்டுக் கையில் பிடித்துப் பார்ப்பது. ஆயிரம் மூடியை அதில் அச்சிட நினைத்தால் மாதக் கணக்காகும்.

இந்த இயந்திரங்களுக்கு எங்கே போவது? அமெரிக்காவின் எம்ஐடியில் நீல் கெர்ஷன்ஃபெல்டு 1998இல் ‘ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி’ என்று ஒரு வகுப்பு நடத்தினார். அதிலிருந்து வளர்ந்தது ‘ஃபேப் லேப்’ என்ற பொதுப் பட்டறை யோசனை. எம்ஐடிக்கு வெளியே முதலில் தொடங்கியவற்றில் ஒன்று புனேவுக்குப் பக்கத்தில் பாபல் கிராமத்தின் விஞ்ஞான் ஆசிரமம், 2002இல். அதுவும் ஒரு கிராமத்துத் தொழிற்பள்ளி. இன்று பல பள்ளிகளில் மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் வழியாக முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்திருக்கிறது. டிசைன் படிக்க விரும்பினால் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் தேர்வையும், தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடி நடத்தும் தேர்வையும் எழுதலாம்.

கடைசியாக, மாணவர்களும் சிற்பிகளும் கோப்பைத் திறக்கும் முன் பேசித் தீர்க்க வேண்டிய ஒன்று: வடிவம் யாருக்குச் சொந்தம்? போட்டியில் வென்ற ₹ குறி இந்திய அரசுக்கு உரியது. உதயகுமாருக்குக் கிடைத்தது பரிசுத்தொகையும் பெயரும். அது முன்கூட்டியே அறிவித்த நிபந்தனை. பட்டறையில் அப்படி எதுவும் எழுதி வைப்பதில்லை. ஒரு கதவின் பூவேலையை மாணவர் ஸ்கேன் செய்து கோப்பாக்கிவிட்டால் அந்தக் கோப்பு எந்த ஊர் ரூட்டருக்கும் ஒரு நொடியில் போய்ச் சேரும். புவிசார் குறியீடு பெயரைத்தான் தடுக்கும், கோப்பைத் தடுக்காது. கதவு, நாற்காலி போன்ற பயன்பொருள்களின் அலங்கார வடிவத்தை 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாம். பாதுகாப்பு பத்து ஆண்டு, மேலும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். பதியக்கூடிய வடிவத்தைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ இயந்திர முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பிரதி எடுத்துவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அதற்கிருந்த பதிப்புரிமையும் போய்விடும். மேலும், விற்பனைக்கோ கண்காட்சிக்கோ வைத்து ஊரறிந்த பிறகு அதைப் புது வடிவம் என்று பொதுவாகப் பதிய முடியாது. ஆகவே வரிசை இது: முதலில் யாருக்கு எவ்வளவு உரிமை என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது, பிறகு பதிவு, அதன் பிறகு ஸ்கேனர். கல்லூரிக் கண்காட்சி இவை எல்லாம் முடிந்த பிறகு.